சுற்றாத தட்டு

மணிலா, ஞாயிறு

துபாயில் இருக்கும் என் மகளுக்கு,

"நாப்பது வயசுல என்னம்மா மறதி? தம்பி நடிக்கிறான்" என்று போனில் சிரித்தாய். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மறதி நோய் சீக்கிரமே வரலாம் என்கிறார் டாக்டர்.

சாப்பாட்டின் நடுவே யாராவது வெளியே கிளம்பினால், நம் ஊர் வழக்கப்படி அவரவர் தட்டை இருந்த இடத்திலேயே திருப்பச் சொல்லி, "தட்டச் சுத்துங்க, போறவங்க பத்திரமா வரணும்!" என்று நம்மை விரட்டுவானே உன் தம்பி டெல்ஃபின்?

இன்று அவனுக்கு மருந்து வாங்க, சாப்பிட்டுக்கொண்டிருந்த கோழி அடோபோவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அவன் தட்டு அசையவில்லை. என்னை மரியாதையாகப் பார்த்தான்.

"சாப்டுட்டுப் போங்க பாட்டி. எங்கம்மா இப்ப வந்துருவாங்க."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கிளம்பிவிட்டவன் அவன்தான். என் தட்டை நான் சுற்றினேன். சுற்றிக்கொண்டே இருந்தேன்.

உனக்கு மட்டும் இன்னும்,
அம்மா