மேலே காட்டிய விரல்

இயேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை,
பங்குனி 1997

அன்பு மகன் கிளெமென்ற்,

இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி பிறிஜெற்றும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம், ரொறொன்ரோக் குளிரில் நீயும் அப்படியே இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். கிளறன்ஸ் மாமா வீட்டை விட்டுச் சிநேகிதர்களோடு அறை எடுத்துப் போகட்டுமா என்று நீ கேட்டு எழுதி நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தால் உலை வைக்க வேண்டும் என்று எழும்பிவிடுவேன், உலை கொதித்தால் உன் அறையில் யார் உலை வைப்பார் என்ற யோசனை வந்துவிடும், அதுதான் தாமதம். இருபது வயதில் உன்னைப் பெற்றவள் நான், உன்னோடு சேர்ந்துதான் நானும் வளர்ந்தேன்.

இந்தத் தபசுகாலத்தில் பாதர் எங்களுக்கு இரண்டு வேலை தந்திருக்கிறார். எதை இறுக்கிப் பிடித்திருக்கிறோமோ அதை ஒவ்வொரு நாளும் விடிய ஆண்டவரிடம் ஒப்படைக்க வேண்டுமாம். அன்றைக்கு முதலில் யார் என்ன சொன்னாலும் மறுத்துக் கதைக்காமல் கீழ்ப்படிய வேண்டுமாம். இறைச்சியை விடுவது இதைவிடச் சுகம். நானும் குசினி ஜன்னலடியில் நின்று, என் மகனை உம்மிடம் தந்தேன் என்று சத்தமாகச் சொல்கிறேன், சத்தமாகச் சொன்னால்தான் எனக்கே நம்பிக்கை வருகிறது. பின்னேரம் அதே ஜன்னலடியில், பிள்ளை சாப்பிட்டானோ, நான் பக்கத்தில் இல்லையே என்று புலம்பலும் நடக்கும்.

போன கிழமை விடிய அப்பா சொன்ன முதல் வார்த்தை, இண்டைக்குப் பொலிஸ் செக்கிங் வருவாங்கள், கேட்டதுக்கு ஒரு சொல்லில மறுமொழி சொல்லும், உம்மட வியாக்கியானம் வேண்டாம் என்பது. சொல்லிவிட்டு கப்பல் வரும் ஹாபருக்கு வேலைக்குப் போய்விட்டார். பொலிசும் வந்தது. மகன் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்கள். கனடா என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். காலையில் சொன்ன மன்றாட்டுத்தான் வாயில் நின்றது. ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று சொல்ல நினைத்து, அப்பாவுக்குக் கீழ்ப்படிந்து சுருக்கி, புத்தா பார உனா என்றேன். புத்தா என்றால் மகன், பார துன்னா என்றால் ஒப்படைத்தேன், பார உனா என்றால் சரணடைந்துவிட்டான். பட்டம் படித்த உன் அம்மா ஒரு வினைச்சொல்லில் விழுந்து, படிக்கப் போன பிள்ளையை இயக்கத்திலிருந்து சரணடைந்தவனாக்கிவிட்டாள். பதிவு எழுதிக்கொண்டிருந்த பொலிஸ்காரரின் பேனை நின்றது. யாரிடம் என்று கேட்டார். நான் வாயைத் திறக்காமல் விரலை மேலே காட்டினேன். மேலே ஆண்டவருக்கு முதல் ஜவாஹிறா மாமியின் வீடு இருக்கிறது என்பது அந்த நேரம் நினைவில் இல்லை. இரண்டு பேர் துவக்கோடு படியேறி ஓடினார்கள். பிறிஜெற் அழத் தொடங்கினாள். அந்தச் சொல் பதிவாகியிருந்தால் அப்பாவை அன்றைக்கே ஜீப்பில் ஏற்றியிருப்பார்கள், நீயும் இந்தப் பக்கம் திரும்பி வர முடியாது.

மாமி கையெல்லாம் மாவோடு அவர்களுக்கு முன்னால் இறங்கி வந்தா. மாமியின் சிங்களம் உனக்குத் தெரியும்தானே, மீன்காரனையே அடக்கும். பெடியன் கனடாவில் படிக்கிறான், உங்கள் பதிவிலேயே இருக்கும், பாருங்கள் என்று அதட்டிவிட்டு, என் பக்கம் திரும்பி, நீ ஒவ்வொரு நாளும் விடிய சுபஹுத் தொழுகையோட மகன ஆண்டவன்ட கையில குடுக்குற, அந்திக்கித் திருப்பி எடுக்குற, ஜன்னலால எல்லாம் எனக்குக் கேக்குது புள்ள என்று சொன்னா. அதை அவர்களுக்குச் சிங்களத்திலும் சொன்னா. எழுதுகிறவர் சிரித்துவிட்டு, அப்படியென்றால் இப்போது பிள்ளை ஆண்டவரிடமா, நோனா உங்களிடமா, எதை எழுதட்டும் என்று கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டார். கனடா என்று எழுதிக்கொண்டு, மாமியின் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்பா வந்து எல்லாம் கேட்டு, இனி நீர் விரிவாகவே கதையும் என்று சொல்லிவிட்டார்.

மகன், அவருக்குச் சொல்லாத பதிலை உனக்குச் சொல்கிறேன். அறை எடுத்துப் போ. காலையில் தந்தேன் என்று சத்தம் போட்டுவிட்டு, போகாதே என்று உனக்கு எழுதினால் அது தந்ததாகாது. நாளைக்கு மறுபடி பயம் வரும், நாளைக்கு மறுபடி தருவேன், பாதரும் ஒவ்வொரு நாளும் என்றுதான் சொன்னார். மாமாவிடம் முகம் கோணாமல் சொல்லிக்கொண்டு போ. பூசையை விடாதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, படிப்பையும் நிறைவாக்கித் தருவார். புது வீட்டுக்காரரின் போன் நம்பரை மறக்காமல் அனுப்பு. நான் கோல் எடுக்கமாட்டேன், சும்மா வைத்திருக்கத்தான்.

உன்னைத் தந்துவிட்ட
அம்மா மாக்ரெட்