முறைக்கிற முகம்

சைதாப்பேட்டை
4.7.1997

அன்புள்ள சுலோவுக்கு,

போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். இதைப் படித்துவிட்டாவது கிழி. அபிராமபுரத்தில் தனி வீடு பார்த்துப் போனவளுக்குச் சைதாப்பேட்டையிலிருந்து தபால் போடுகிற புருஷன் இந்த ஊரிலேயே நான் ஒருவன்தான்.

ஆழ்வார்பேட்டைக் கண்காட்சியை நீதான் அமைக்கிறாய் என்று பேப்பரில் பார்த்தேன். வரைந்தாய், களிமண் பிசைந்தாய், கேமராவைத் தூக்கிக்கொண்டு அடையாற்றங்கரை முழுக்க அலைந்தாய். இப்போது யார் படம் எந்தச் சுவரில் தொங்க வேண்டும் என்று சொல்கிறாய். கல்லூரியில் ஒன்றாகத்தான் ஆரம்பித்தோம். என் படங்கள் வீட்டுக்குள்ளேயே தூசி தின்கின்றன.

ஒரே ஒரு படத்தைச் சேர்த்துக்கொள், சுலோ. பிச்சை என்றே வைத்துக்கொள். படத்தை எடுக்க வருகிற சாக்கிலாவது நீ வருவாய் என்று ஒரு நப்பாசை.

உன்
செம்பியன்

அபிராமபுரம்
9.7.1997

செம்பியா,

பிச்சை கிச்சை என்று எழுதாதே, எரிச்சலாக வருகிறது. புருஷன் என்பதற்காக எதையும் மாட்டமாட்டேன். ஆனால் உன் சமையலறைப் படம் எனக்கு வேண்டும். நான் அடுப்பருகே நின்று உன்னை முறைக்கிறேனே, அதுதான்.

எத்தனையோ பேர் என்னை வரைந்திருக்கிறார்கள். அந்த ஒன்றில்தான் நான் நானாக இருக்கிறேன். என்னை உள்ளபடி நீ பார்த்த நாள் ஒன்று இருந்தது. அதை நம்பித்தான் இதை எழுதுகிறேன். நடுச் சுவரை ஒதுக்கியிருக்கிறேன்.

பதினெட்டாம் தேதி நானே வேனோடு வருகிறேன். காபி போட்டு வை, பேசலாம். வீட்டுக்குத் திரும்புவதைப் பற்றியும்தான்.

அதுவரை படத்தைத் தொடாதே. உனக்குக் கை சும்மா இருக்காது.

சுலோ

சைதாப்பேட்டை
13.7.1997

என் சுலோவுக்கு,

நீ வருகிறாய் என்று கீழ்வீட்டு மீன்காரி தேவானையிடம் சொன்னேன். "அக்கா வருதா? முதல்ல வூட்டைக் கூட்டு சாரே, இன்னா கோலத்துல கீது பாரு!" என்று துடைப்பத்தை நீட்டினாள். கூட்டிவிட்டேன்.

படத்தை இறக்கித் துடைத்தேன். நான்கு பேர் வந்து பார்க்கிற இடத்தில் நீ இவ்வளவு கோபமாகவா நிற்பது? மனசு கேட்கவில்லை. உதட்டோரத்தைக் கொஞ்சம் தளர்த்தினேன். அதற்குக் கண் ஒட்டவில்லை. கண்ணையும் மாற்றினேன். பிறகு முகம் முழுவதும். இப்போது சிரிக்கிறாய், சுலோ! கல்யாணத்தன்றுகூட இப்படிச் சிரித்ததில்லை. வந்து பார், அசந்துபோவாய்.

உன்
செம்பியன்

சைதாப்பேட்டை
19.7.1997

சுலோ,

வந்தாய், பார்த்தாய், ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போய்விட்டாய். திட்டியிருக்கலாமே! வேன் தெருமுனை திரும்பும் வரை காபி டம்ளரோடு பின்னால் ஓடினேன். தெருவே பார்த்தது.

பழைய முகம் திரும்பாது. அதைக் கத்தியால் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் பூசினேன். துடைத்தால் வெறும் துணிதான் மிஞ்சும். நேற்றிலிருந்து வேறொரு துணியில் உன் முறைப்பை வரைந்து பார்க்கிறேன். வரவில்லை. சோறு இறங்கவில்லை.

ஒரே ஒரு தரம் வா. என் எதிரே நின்று முறை. எவ்வளவு வேண்டுமானாலும் முறை. அப்படியே வரைந்து தருகிறேன், ஒரு கோடு மாற்றமாட்டேன். நீயும் இல்லை, படமும் இல்லையென்றால் நான் எதற்கு?

செம்பியன்

அபிராமபுரம்
27.7.1997

செம்பியனுக்கு,

கண்காட்சி நேற்றுத் தொடங்கியது. நடுச் சுவரில் வேம்பு என்கிற புதுப் பெண்ணின் படத்தை மாட்டினேன். நன்றாகவே இருக்கிறது.

நான் களிமண்ணில் ஒன்றைச் செய்துவிட்டுத் திரும்பினால் அதில் உன் விரல் பட்டிருக்கும். நான் பேசினால் விருந்தாளிகளிடம் "அவள் சொல்ல வருவது" என்று ஆரம்பிப்பாய். எல்லாம் நல்ல மனசோடுதான். அதனால்தான் இத்தனை வருஷம் சண்டை போட்டேன். சண்டை போட்டால் புரியும் என்று நினைத்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தேவானையிடம் சொல்லியிருக்கிறேன், பார்த்துக்கொள்வாள்.

வந்து முறைக்கச் சொல்கிறாய். கண்ணாடி முன்னால் நின்று உன்னை நினைத்துப் பார்த்தேன், செம்பியா. கோபமே வரவில்லை.

சுலோச்சனா