கைக்குள் ஓடிய இரைச்சல்

அக்கா,

இன்று வத்தலக்குண்டில் பஸ் ஏறி மலைக்கு வந்தேன். கொண்டை ஊசி வளைவில் வண்டி திணறியபோது முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தேன். உள்ளங்கையில் விர்ரென்று அதிர்ந்தது. உன் இடது கையைத் தொட்ட மாதிரியேதான். சட்டென்று விட்டுவிட்டு, அடுத்த வளைவில் பக்கத்து ஆள்மேல் சாய்ந்து திட்டும் வாங்கிக்கொண்டேன்.

டயாலிசிஸுக்காக அந்தக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த பிறகு, வளையல்களையெல்லாம் வலக்கைக்கு மாற்றிக் குலுக்கிக்கொண்டு மன்னவனூர் முழுக்கத் திரிந்தாய். நான் வரும்போதெல்லாம் என் விரலை இழுத்துத் தழும்பின் மேல் வைப்பாய்; உள்ளே ரத்தம் விர்ரென்று அதிரும். "ஓடுது பாரு புள்ள."

ரத்தக்குழாயின் உட்சுவரில் உள்ள செல்களுக்கு ரத்தம் உரசி ஓடுவது தெரியும், உரசல் கூடினால் குழாயை அகலமாக்கச் சொல்லும், அதனால்தான் உன் சிரை பருத்து ஊசியைத் தாங்குகிறது என்றேன். "அப்ப கைக்குள்ள ஆளுக சோலி பாக்குறாங்கன்னு சொல்லு. ஞாயித்துக்கெழமையாவது லீவு உண்டா?" என்று சிரித்தாய்.

மதுரை லேபில் நாள் முழுக்க எனக்கு அந்தச் செல்களோடுதான் வேலை. மேலே திரவத்தை ஓடவிட்டால் எல்லாம் ஒரே திசையில் நீண்டு படுக்கும். ஓட்டம் நின்றால் ஆளுக்கொரு பக்கம் திரும்பும். அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உன் போன் வந்தது.

"இன்னிக்கு இரைச்சல் கொறஞ்ச மாதிரி கெடக்கு. வெரசா கீழ ஆஸ்பத்திரிக்கு எறங்கட்டுமா?"

"குளிருக்கு அப்படித்தான் இருக்கும்க்கா. நாளன்னிக்கு டயாலிசிஸ் போறேல்ல, அப்பக் காட்டிக்க."

லென்சிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை நான். நீ ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தச் சிரை அடைத்துப்போயிருந்தது. டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் கிருமி தொற்றியது. மூன்றே வாரத்தில் போய்விட்டாய்.

"அதிர்வு கொறஞ்சது தெரியலையாம்மா? ஒடனே வர வேணாமா?" என்று, கழுத்தில் குழாய் போட்ட அன்று டாக்டர் உன்னைக் கடிந்துகொண்டபோது நானும் அம்மாவும் பக்கத்தில்தான் நின்றோம். "நாந்தான் கவனிக்கல டாக்டர்" என்றாய். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. பாவி, அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அம்மாவிடம் சொல்லிவிடத்தான் இன்று வந்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் அவள் உன் போட்டோவைப் பார்த்து ஆரம்பித்தாள்: "படிச்ச தங்கச்சி இருந்தாளே, ஒரு போனைப் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?"

"சாப்பிடும்மா" என்று தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

நீ ஒரு தடவை சொன்ன பொய்யை நான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அக்கா.