இணைச்சீருக்கு முன் எழுத வேண்டிய மறுமொழி

ஆனி 15, வியாழன்

விடியற்காலை முதல் பாலக்காட்டுக் காற்று. களத்தில் உலர்த்திய மிளகாய் முழுவதும் மண். புடைத்து எடுத்ததில் பொழுது பாதி போயிற்று. பிறகு இல்லத்துக்குக் கடிதம் தொடங்கினேன்.

“மதிப்பிற்குரிய தலைமையம்மையார் அவர்களுக்கு, பணிவான வணக்கம். தங்கள் அன்பு மடல் கிடைத்துப் பல நாட்கள் கடந்தும் மறுமொழி விடுக்கத் தவறிய என் தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.”

இதற்கு மேல் ஒரு வரியும் நகரவில்லை. நிலைமையை எனக்காகவேனும் தெளிவுற எழுதி வைக்கிறேன்.

சென்னை: பி.ஏ. ஆனர்ஸ், தமிழ். இடம் கிடைத்துவிட்டது. நேர்முகத்தில் பேராசிரியை, “எந்தப் பள்ளியில் பயின்றீர்கள்?” என்றார். “எந்தப் பள்ளியிலும் இல்லை. மெட்ரிக், இண்டர்மீடியட் இரண்டும் வீட்டிலிருந்தே படித்து எழுதினேன்” என்றேன். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். அந்தக் கையின் குளிர்ச்சி இன்னும் நினைவில். ஆனால் கட்டணமும் விடுதியும் சேர்ந்தால், தம்பி பழனிச்சாமி கிணற்று மோட்டாருக்காகச் சேர்த்தது அத்தனையும் போய்விடும்.

இல்லம்: தலைமையம்மையாரின் மடல் வந்த இடம். திருச்சிக்கு அப்பால், பெயர் கேட்டால் யாருக்கும் தெரியாத ஊர். பட்டம் இல்லை, ஆசிரியைப் பயிற்சி. உணவு, உடை, நூல் யாவும் இலவசம். கைம்பெண்களுக்கும் கணவனால் கைவிடப்பட்டோருக்கும் மட்டும். கணவரும் ஊர் மணியக்காரரும் ஒப்பமிட்ட சான்று ஆனி முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

நான் கைவிடப்பட்டவள் அல்லள். வெளியேறியவள். உடுமலைப்பேட்டையில் கணவரோடு வாழ்ந்தபோது என் புத்தகங்களை அவர் மளிகைக் கடைக்கு எடைக்குப் போட்டார். மறுவாரம் பெருங்காயம் வந்த பொட்டலம் என் இலக்கண நூலின் ஒரு தாள். அதைப் பிரித்து, நீவி, மடித்து எடுத்துக்கொண்டு துடியலூருக்கு, பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டேன். பத்து ஆண்டுகளாக என்னிடம் உள்ள ஒரே சொத்து, நானாக வந்தேன் என்பது.

தம்பி சாப்பிடும்போது சொன்னான்: “மோட்டாரு எங்கீங்க ஓடிப்போவுது? அடுத்த வருசம் போட்டுக்கலாம். நீங்க மெட்ராஸ் போங்க்கா. இந்த ஊர்ல வேற எவ அந்தக் காலேஜுப் படி ஏறியிருக்கறா?”

ஆனி 17, சனி

தூறல், நனைக்கக்கூட இல்லை. அன்னூரிலிருந்து தம்பிக்குப் பேசியிருக்கும் பெண்ணின் அத்தை வந்தார். ஆவணி முதல் முகூர்த்தம் என்று முடிவாயிற்று. காப்பியை ஆற்றிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏனுங்க அம்மிணி, இணைச்சீருக்கு நீங்கதான நிப்பீங்க?”

“தம்பியோட பொறந்தவ நான் ஒருத்திதானுங்களே.”

“அதுஞ் செரி. உங்கூட்டுக்காரரு வந்துருவாருங்களா?”

அம்மா முந்திக்கொண்டாள். “அவருக்குத் தேங்கா யாவாரமுங்க. ஒரு நாளு மண்டியப் பூட்டினா ஒம்போது நாளு நட்டமுங்க.”

“அப்ப அவரப் பாக்கோணும்னா நாமதான் தேங்கா வாங்கற சாக்குல போகோணுமாட்ட இருக்குதுங்க!”

அனைவரும் சிரித்தார்கள். நானும்.

இணைச்சீரில் மணமகனுக்கு அருகில் சகோதரி நிற்காமல் எங்களவரில் திருமணம் இல்லை. கூறைச் சேலையைக் கொசுவி ஒரு முனையை அவன் கக்கத்தில் இடுக்கி, மறுமுனையைச் சகோதரி பிடித்து நிற்பாள். கணவனோடு வாழ்பவளாக இருத்தல் வேண்டும். அம்மாவின் தேங்காய் வியாபாரம் இத்தனை காலம் என்னை வாழ்பவளாகக் காத்து வந்திருக்கிறது.

விருந்தாளி போன பிறகு அம்மா: “கலியாணம் முடியட்டுங் கண்ணு. அந்தக் காயிதம் மணியக்காரர் கைக்குப் போச்சுன்னா, அவரு பொண்டாட்டி அடுப்பு மூட்டறதுக்குள்ள ஊரு பூராத் தெரிஞ்சுபோயிரும்.”

இல்லம் ஆவணி வரை காத்திராது. சென்னையும் காத்திராது.

ஆனி 19, திங்கள்

காற்று ஓயவில்லை. குதிகால் வெடிப்பில் எண்ணெய் தடவினேன். மை தீர்ந்தது, நீர் கலந்து எழுதுகிறேன், எழுத்து வெளிறித் தெரிகிறது.

தம்பிக்குச் சோறு எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குச் சென்றேன். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் எருதுகள் கிணற்றிலிருந்து இறைத்து வந்த தோற்சாலில் பாதி சேறு. வாழைக்குப் போகும் வாய்க்கால் நடுவழியிலேயே காய்ந்துவிட்டது. தம்பி எருதுகளோடு மட்டும் பேசினான். “இன்னொரு நடை போலாஞ் சாமி. இன்னொரே நடை.”

இல்லத்துக்கு எழுதப் போகிறேன் என்றேன். கயிற்றை விட்டுவிட்டான்.

“என்ற கலியாணத்துல வேறொருத்தி நிப்பாளா? அப்பிடியொரு மோட்டாரு எனக்கு வேண்டாங்க.”

“வாழை கருகுது, பழனி.”

“கருகட்டும்!”

சோற்றைத் தொடவில்லை. தூக்குப் பாத்திரத்தோடு திரும்பினேன்.

மாலையில் சென்னைக்கு எழுதினேன். “என் குடும்பச் சூழல் காரணமாகத் தாங்கள் அளித்த இடத்தை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறேன்.” ஓர் அடித்தல்கூட இல்லாமல் முடிந்தது. பிறகு பானைகளைத் தேய்த்தேன். தேய்க்க வேண்டாத பானைகளையும்.

ஆனி 22, வியாழன்

உக்கடத்தில் பஸ் ஏறி உடுமலைப்பேட்டை. அம்மாவிடம் மை வாங்கப் போவதாகச் சொன்னேன்.

தேங்காய் மண்டியில் அவர் கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருக்கிறது, தொப்பை விழுந்திருக்கிறது. உள்ளே ஒரு பெண், இடுப்பில் குழந்தை. என்னைப் பார்த்ததும் கதவுக்குப் பின் நகர்ந்தாள். அவள் மீது எனக்கு ஒன்றும் இல்லை.

“அட, வா அம்மிணி. வெயில்ல வந்திருக்கறே. எளநி வெட்டச் சொல்லட்டுமா?”

“ஒரு கையெழுத்து வேணுங்க.”

விளக்கினேன். மறுப்பார், அல்லது இழுத்தடிப்பார் என்று எண்ணி விடைகள் தயாரித்து வைத்திருந்தேன். அவர் முகம் மலர்ந்தது.

“நான் உன்னைய உட்டுப்போட்டேன்னு எழுதோணும். அதான?”

“ஆமாங்க.”

“பத்து வருசமா இந்த ஊர்ல எனக்கு என்ன பேருன்னு தெரியுமா? பொண்டாட்டி உட்டுட்டுப் போனவன். பந்தியில உக்காந்தா பக்கத்து எலைக்காரன் சிரிக்கறான். இப்ப நீயே வந்து, நான்தான் உட்டேன்னு எழுதிக் கேக்கறே! மகராசியாப் போட்டுத் தாரேன். ஆனா ஒண்ணு.”

“என்னங்க?”

“எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு. கடையில வச்சுக்கறேன்.”

சாக்குகளின் மேல் பலகை வைத்து, நின்றபடியே இரண்டு படிகள் எழுதினேன். “மேற்படியாளை நான் கைவிட்டு, யாதோர் ஆதரவும் அளியாமல் விலக்கி வைத்துள்ளேன் என்பதை இதனால் உறுதி கூறுகிறேன்.” வாக்கியம் என்னுடையது. பிழை இல்லாத வாக்கியம். அவர் எழுத்துக் கூட்டி வாசித்து, கணக்குப்பிள்ளைக்கும் காட்டினார்.

“பாத்தீங்களா? எழுத்து முத்தாட்ட இருக்குது. என்ற ஊட்டுக்காரி எழுத்து.”

ஒப்பமிட்டார். புறப்படும்போது பையில் இரண்டு தேங்காய் போட்டார். “தம்பி கலியாணமாமே. சீருக்கு வச்சுக்கங்க.” மறுத்திருக்க வேண்டும். பஸ் வந்துவிட்டது.

வழி முழுவதும் மடியில் தேங்காய்கள். அவர் கடையில், என் கையெழுத்தில், நான் கைவிடப்பட்டவள்.

மை வாங்க மறந்தேன்.

ஆனி 24, சனி

வெயில். மணியக்காரர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். “படிப்புக்குத்தானுங்க அம்மிணி, தப்பில்லீங்க” என்று முத்திரை குத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

அம்மா சொன்னதில் ஒரு பிழை. அடுப்பு மூட்டும் நேரம்கூட ஆகவில்லை. பிற்பகலிலேயே பெரியப்பா மகள் சரசு வந்துவிட்டாள். நான் பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருப்பது அம்மாவுக்கும் அவளுக்கும் தெரியாது.

“அன்னூர்க்காரங்க ஆளுட்டுச் சொல்லிப்போட்டாங்க சரசு. நீதான் நிக்கோணுமாம்.”

“அக்கா என்னங்க சின்னம்மா சொல்லும்?”

“அவ என்னத்தச் சொல்லுவா. இங்க வா, உனக்கு இந்த அரக்கு எடுக்குதான்னு பாக்கலாம்.”

பெட்டி திறக்கும் ஓசை. அரக்குப் பட்டு, தம்பி சீருக்கென்று அம்மா எனக்காக எடுத்து வைத்திருந்தது. சரசுவுக்கு நன்றாக எடுத்திருக்கும். நல்ல நிறம் அவள்.

மடித்த துணிகளைப் பிரித்து மீண்டும் மடித்தேன்.

இரவு உணவுக்குத் தேங்காய்த் துவையல். யார் கொண்டுவந்த தேங்காய் என்று அம்மா கேட்கவில்லை. தம்பி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். பசி அவனுக்கு.

ஆனி 27, செவ்வாய்

கிணற்றடியில் மோட்டாருக்கு மின்கம்பம் நடுகிறார்கள். தம்பியும் குழி வெட்டுகிறான். நான் மோர் கொண்டுபோனேன். குழிக்குள்ளிருந்தபடியே சொம்பை வாங்கினான்.

“பூசையன்னைக்கு நீங்கதான் சுவிச்சுப் போடோணும்க்கா.”

“எப்பப் பூசை?”

“ஆவணியில, கலியாணத்தன்னைக்குக் காலையில.”

சொம்பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

புது மை. முதல் நாள் தொடங்கிய வணக்கத்தையும் மன்னிப்பையும் அப்படியே படியெடுத்தேன். அவற்றின் கீழ்: “கேட்கப்பட்ட சான்று இணைக்கப்பட்டுள்ளது. அதிலுள்ள யாவும் முறைப்படி ஒப்பமிடப்பட்டவை.” உண்மை என்று எழுதவில்லை. முறைப்படி என்றே எழுதினேன்.

அதற்கடுத்து, அவர்கள் கருணையைப் போற்றி ஒரு நீண்ட பத்தி. நன்றாக அமைந்திருந்தது. வாசித்துப் பார்த்து அடித்துவிட்டேன். எஞ்சியது இவ்வளவே:

“ஆடி முடிவதற்குள் நான் அங்கு வந்து சேர்ந்துவிட வேண்டும். வகுப்பு தொடங்காவிட்டாலும் தங்குவதற்கு ஓர் இடம் தந்தால் போதும், சமையற்கட்டில் வேலை செய்கிறேன். வரலாமா என்பதை உடனே எழுதுங்கள்.”