கவிழ்த்து மாட்டிய நீலக் குடம்

இன்று காலை நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும், நீ வாங்கித் தந்த நீலக் குடத்தைப் புது வீட்டுக் கேட்டில் கவிழ்த்து மாட்டிவிட்டுத்தான் படுத்தேன். சாயம் போய், கழுத்தில் நீ சூடு வைத்து ஒட்டிய தழும்போடு இருக்கிற அதே பிளாஸ்டிக் குடம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இந்தத் தெருவுக்குக் குடிவந்த பிறகு எனக்கு இதுதான் முதல் நைட் ஷிஃப்ட். கவிழ்த்த குடத்துக்கு என்ன அர்த்தம் என்று இங்கே ஒருத்தருக்கும் தெரியாது. அது தெரிந்துதான் மாட்டினேன்.

நானும் என் வீட்டுக்காரரும் கோவில்பட்டியிலிருந்து ஓசூருக்கு வந்த புதிது உனக்கு ஞாபகம் இருக்கும். பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு லேஅவுட்டில் வீடு பார்த்து, கிட்டத்தட்ட முடித்தே விட்டோம். பளபளவென்று டைல்ஸ், பெரிய சமையலறை, கார் நிறுத்த இடம். கார் இல்லாதது ஒன்றுதான் குறை. கம்பெனியில் பக்கத்து மிஷினில் நின்ற நீ கேட்டாய், "எப்போ போய்ப் பார்த்த?" சாயங்காலம் என்றேன். தலையில் அடித்துக்கொண்டாய்.

"சாயங்காலம் எல்லாத் தெருவும் பவுடர் போட்டுக்கிட்டுதான்டி நிக்கும். காலையில பத்து மணிக்குப் போய்ப் பாரு. நமக்கு அதுதானே ராத்திரி!"

அவ்வளவு பொறுமை எனக்கு ஏது? "ஏட்டி, ஓனரு அவசரப்படுத்துதாரு" என்றேன். என் பேச்சை அப்படியே இழுத்துக் காட்டிவிட்டுச் சொன்னாய், "சானமாவு காட்டு யானைகூட நல்லா சுத்திப் பார்த்துட்டுத்தான் எந்த ராகிக் காட்டுல இறங்குறதுன்னு முடிவு பண்ணும். உனக்கென்ன?" பேரிகை விவசாயி மகள், யானையை இழுக்காமல் உனக்குப் பேச்சே வராது.

மறுநாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும், தூக்கம் சொக்குகிற கண்ணோடு என்னைத் தெருத் தெருவாக இழுத்துக்கொண்டு நடந்தாய். பழைய பஜாருக்குப் பின்னால் ஒரு சந்து. தக்காளி வண்டிக்காரர் தமிழில் ஒரு தரம், கன்னடத்தில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம் தொண்டை கிழியக் கூவிக்கொண்டு வந்தார். ஒரு வீட்டுக் கிட்டே வந்ததும் கப்சிப். வண்டியை மெல்லத் தள்ளிக்கொண்டு தாண்டினார். தாண்டியதும் மறுபடி கூவினார். அந்த வீட்டுக் கேட்டில் ஒரு குடம் தலைகீழாகத் தொங்கியது.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் நீ கன்னடத்தில் விசாரித்தாய். நைட் ஷிஃப்ட் போய் வந்து தூங்குகிறார்கள் என்பதற்கு அந்தத் தெருவில் அதுதான் அடையாளமாம். பெல் அடிக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது. நீ என் கையைக் கிள்ளினாய். "இங்கதான்டி உனக்கு வீடு. வாடகையை நாம குடுத்துடலாம். தூக்கத்தைத் தெருதான் குடுக்கணும்."

அங்கே காலியாக இருந்த வீட்டின் சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். நான் அசையவில்லை. பால் காய்ச்சிய அன்று நீ இந்த நீலக் குடத்தோடு வந்தாய். கொஞ்ச நாளில் எதிர் வீட்டுக்கே நீயும் குடிவந்துவிட்டாய்.

ஒரு நாள் குடத்தை நிமிர்த்த மறந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு பகல் ஷிஃப்டுக்குப் போய்விட்டேனே! சிலிண்டர்காரர் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மாரியம்மன் ஊர்வலம் வேறு அன்றைக்கு. மேளக்காரர்கள் என் வீட்டைத் தாண்டுகிற வரைக்கும் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார்களாம். "பூட்டின வீட்டுக்கு ஒரு தெருவே வாயைப் பொத்திக்கிட்டு இருந்துச்சுடி" என்று சொல்லி, விக்கல் வருகிற வரைக்கும் சிரித்தாய்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ வெறும் உடம்பாகத் திரும்பி வந்தாய். வாசலில் பந்தல் போட்டார்கள், சாவு மேளமும் வந்து இறங்கியது. தக்காளிக்காரர் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு வந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. உன் வீட்டுக் குடத்தை எடுத்து உன் கேட்டில் கவிழ்த்து மாட்டினார். மேளக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். சந்து முடிகிற வரைக்கும் அடிக்கவில்லை. மெயின் ரோட்டுக்குப் போய்த்தான் அடித்தார்கள். உன்னைக் கொண்டுவந்ததிலிருந்து அழாமல் நின்றவள், சந்தின் அந்த அமைதியில்தான் வாய்விட்டு அழுதேன்.

இப்போது கம்பெனியில் எங்கள் லைனைக் குருபரப்பள்ளிப் பக்கம் புது பிளான்டுக்கு மாற்றிவிட்டார்கள். கிருஷ்ணகிரிக்கே வந்துவிடலாம் என்று முடிவாயிற்று. இவருக்கும் மகளுக்கும் ஒரு அபார்ட்மென்ட் பிடித்துப்போனது. லிஃப்ட், வாட்ச்மேன், கேமரா எல்லாம் உண்டு. நான் காலை பத்து மணிக்குத்தான் வருவேன் என்று அடம்பிடித்துப் போனேன். வராந்தா முழுக்கச் சாத்திய கதவுகள்.

"பார்த்தியா, குண்டூசி விழுந்தாக்கூடக் கேக்கும். உனக்கு இதைவிட என்ன வேணும்?" என்றார் இவர்.

"சத்தமே இல்லாத இடம் வேற. எனக்காகச் சத்தம் போடாத இடம் வேற."

"நீ யாரை நினைச்சுப் பேசுறன்னு தெரியுது. அவங்கதான் இல்லையே."

"இல்லதான். அதனாலதான் இந்தத் தடவை நானே நடந்து பார்க்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நைட் ஷிஃப்ட் முடிகிற நாளாகப் பார்த்துப் பார்த்து அலைந்தேன். இந்தப் பழையபேட்டைத் தெருவுக்கு வந்தபோது ஒரே இரைச்சல். நாலு வீட்டு மிக்ஸி, டிவி, மாம்பழ வண்டி, உருதுவில் ஒரு சண்டை, தெலுங்கில் அதற்குச் சமாதானம். "அக்கா, சாயங்காலம் வந்திருந்தா அமைதியா இருந்திருக்கும்" என்று புரோக்கர் நெளிந்தார். வாசற்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். "கண்ணு இப்படிச் செவந்து கெடக்குதே, நைட் ஷிஃப்டா? மொதல்ல உக்காரும்மா" என்று முறத்தை நகர்த்தி இடம் விட்டார். எத்தனை தெரு சுற்றியிருப்பேன், என் கண்ணைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். உட்கார்ந்த இடத்திலேயே புரோக்கரிடம் சொல்லிவிட்டேன், அவர் காட்ட வந்த எதிர் வீடு எனக்கு என்று. வீட்டில் இரண்டு நாள் உம்மென்று இருந்தார்கள். இருக்கட்டுமே!

இன்றைக்குத் தூக்கம் அரைகுறைதான், கனவில் யாரோ எதையோ தட்டிக்கொண்டே இருந்தார்கள். மதியம் எழுந்து கதவைத் திறந்தால் கேட்டில் குடத்தைக் காணோம். கீழே பார்த்தால், படியில் நிமிர்ந்து நிற்கிறது, தளும்பத் தளும்பத் தண்ணீரோடு.

எதிர்ப்படியிலிருந்து அவரைக்காய் அம்மா குரல் கொடுத்தார். "புதுசா வந்திருக்கீங்க, பாவம். குடம் காலியாத் தொங்குதே, தண்ணி வந்தது தெரியலையோன்னு நானே புடிச்சு வெச்சேன். எத்தனை தடவை கதவைத் தட்டினேன், நீ எந்திரிக்கவே இல்ல!"

நீ இருந்திருந்தால் உனக்கு மறுபடி விக்கல் வந்திருக்கும். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்: குடத்தை, சந்தை, உன்னை, அடிக்காமல் போன மேளத்தை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"சரி, நாளையிலருந்து தட்ட மாட்டேன். மாம்பழக்காரனுக்கும் சொல்லி வெக்கிறேன்" என்றார். "ஆனா தண்ணி புடிச்சு வெப்பேன்."

குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். நல்ல கனம். நாளைக் காலையும் கவிழ்த்து மாட்டுவேன்.