அப்பா கெடுத்த டிஸ்சார்ஜ் மனு

அப்பா,

ரேஷன் அட்டையைத் தேடி இன்று காலை உங்கள் பீரோவைத் திறந்தேன். மேல் தட்டில் அந்த வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டு மடித்தபடி, அந்துருண்டை வாசனையோடு இருந்தது. செத்துப்போன அப்பாவின் சட்டையைப் பார்த்தால் மகனுக்கு அழுகை வர வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் மனுவை விசாரிக்க வருவாய்த்துறை ஆள் வந்த அன்று நீங்கள் போட்டுக்கொண்டு உட்கார்ந்த சட்டை அது.

அந்த மனுவை எழுத நான் பட்ட பாட்டைக் கொஞ்சமாவது நினைத்துப் பார்த்தீர்களா?

திராட்சைப் பந்தலுக்குக் கீழே நீங்கள் விழுந்து கிடந்ததாகப் பக்கத்துத் தோட்டத்துக் காதர் மாமா போன் செய்தபோது, நான் பட்டாளத்தில், வடக்கே பனிமலைக் காவலில் இருந்தேன். உத்தமபாளையம் வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. பக்கவாதம் என்றார்கள். உயிர் பிழைத்தீர்கள். இடது கை மட்டும் கடைசிவரை திரும்பவில்லை. காலை இழுத்து இழுத்து நடந்தீர்கள். அம்மா எப்போதோ போய்விட்டாள். தங்கச்சி குமுளியில் கைக்குழந்தையோடு இருந்தாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்த ஒரு மாத லீவில் சோறு பொங்கினேன், உங்களைக் குளிப்பாட்டினேன், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். திரும்ப ரயில் ஏறும்போது, நாளைக்கு அந்தப் பொத்தானை யார் போடுவார்கள் என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. யூனிட்டுக்குப் போன கையோடு, குடும்பச் சூழ்நிலையால் என்னை முன்கூட்டியே விடுவிக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் மனு கொடுத்தேன்.

உடனே நடந்துவிட்டதா? சர்வீஸ் புத்தகத்தில் உங்கள் பெயர் ஒரே சொல்லாகவும், ஆதாரில் இரண்டு சொல்லாகவும் இருந்ததாம். "இவங்க ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு எப்படி நம்புறது?" என்று ஹெட் கிளார்க் இந்தியில் கேட்டார். பதின்மூன்று வருடம் துப்பாக்கி தூக்கிய இடத்தில், என் அப்பா யார் என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கொடுத்தேன். பிறகு டாக்டர் சீட்டில் முத்திரை மங்கல் என்று மனு திரும்பி வந்தது. முத்திரை வாங்கி அனுப்பினால், படிவமே மாறிவிட்டது, புதிதாக எழுது என்றார்கள். எல்லாம் முடிந்து, கடைசியில் ஊரில் விசாரித்து அறிக்கை அனுப்பும்படி வருவாய்த்துறைக்குக் காகிதம் போனது. அதற்குப் பிறகு நடந்ததைக் காதர் மாமா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"விடிஞ்சதுமே என்னையக் கூப்பிட்டு, பொத்தானப் போட்டு விடுன்னாக, மாப்ள. ஏதோ கல்யாணத்துக்குக் கெளம்புறாகன்னுல்ல நெனச்சேன்."

ஊன்றுகோலை மருந்து டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தீர்கள். முறிந்த கிளை மாதிரி தொங்கிய இடது கையை மடியில் எடுத்து வைத்துத் துண்டால் மூடினீர்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்த வருவாய்த்துறை ஆளுக்கு ஒரு கொத்துத் திராட்சையும் கொடுத்து, "எனக்கென்ன சார் கேடு? தோட்டத்துக்கு நாந்தான் மருந்தடிக்கிறேன். அவன் அங்கனயே இருக்கட்டும்" என்றீர்கள். தகப்பனார் நல்ல உடல்நலத்துடன் விவசாயம் செய்துவருகிறார் என்று அவர் எழுதிவிட்டுப் போனார். மனு தள்ளுபடி.

அன்று போனில் கத்தினேன்.

"ஏம்ப்பா இப்பிடிச் செஞ்சீங்க?"

"ஏலே, பென்சனுக்கு இன்னும் ரெண்டு வருசந்தான கெடக்கு? அதுக்குள்ள நான் ஒண்ணும் செத்துர மாட்டேன்."

"நான் பென்சனக் கேட்டனா?"

"இப்பக் கேக்க மாட்ட. என் வயசுல கேப்ப."

லைன் அறுந்தது. டவர் கோளாறா, நீங்களே வைத்தீர்களா, இன்றுவரை தெரியவில்லை.

பிறகு ஒருநாள் காதர் மாமா கூப்பிட்டார். "மூணு நாளா அடுப்புப் பத்தல மாப்ள. கேட்டா பன்னு தின்னேங்குறாக. நாங்க சோறு குடுத்துவிட்டாலும் திருப்பி அனுப்பிர்றாக." உங்களிடம் சொல்லாமல் மறுபடி மனு போட்டேன். கமாண்டிங் ஆபீசர் நேரில் அழைத்து, பென்சன் கிடைக்காது, தெரியுமா என்றார். தெரியும் என்றேன். அப்பாவுக்குச் சம்மதமா என்றார். சம்மதம் என்று பொய் சொன்னேன்.

இந்தத் தடவை அதே ஆள், சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார். சட்டையில்லாமல் அடுப்படியில் உட்கார்ந்து, கவிழ்ந்துபோன அரிசியை ஒற்றைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தீர்களாம். "நல்லா இருக்கேன்னே எழுதிருங்க சார்" என்று அந்த ஒரு கையாலேயே கும்பிட்டீர்களாம். அவர் பக்கத்தில் குந்தி, கூடச் சேர்ந்து அரிசி முழுவதையும் அள்ளிக் கொடுத்துவிட்டுப் போய், பார்த்ததை எழுதினார்.

விடுவிப்பு உத்தரவு வந்தது. டிரங்குப் பெட்டியோடு வீட்டுக்குள் வந்தேன். "எத்தன நாளு லீவு?" என்றீர்கள்.

"லீவு இல்லப்பா. வந்துட்டேன்."

சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். நான்கு நாள் என்னோடு பேச்சில்லை. ஐந்தாம் நாள், "உப்புப் பத்தல" என்றீர்கள். அதன் பிறகு பதினோரு மாதம் ஓயாத சண்டை. திராட்சைக் கொடியைக் கவாத்து எப்போது வெட்டுவது என்பதில் சண்டை, காபிக்கு எவ்வளவு சர்க்கரை என்பதில் சண்டை. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கம்பம் சந்தையில் எவர் கேட்டாலும், "மகன் லீவுல வந்திருக்கான்" என்றீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. மாதக் கணக்கில் எந்தப் பட்டாளத்தில் லீவு கொடுக்கிறார்கள்? பக்கத்தில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். தேனி ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோதும் நர்சிடம், "இவனுக்கு லீவு முடியப்போவுதும்மா, என்னைய வெரசா அனுப்பி விடு" என்றீர்கள்.

பென்சன் போனதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. அதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சண்டை போட்ட நேரத்தில் விட்டுப்போயிற்று.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் சந்தைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து நின்றார். "என்னப்பா, இன்னும் லீவு முடியலையா?" என்றார். வேலையை விட்டே வருடமாயிற்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இன்னும் கொஞ்ச நாளு இருக்குண்ணே" என்றேன்.

என்னையும் சொல்ல வைத்துவிட்டீர்கள், அப்பா.