வண்ணம் பூசிய முனை

மார்ச் 4, செவ்வாய்

காலையில் டுவேனின் கடைக்குப் போனேன். ஆலைகளில் மிஞ்சும் உலோகத் துண்டுகளை எடைக்கு விற்கிறான். வீட்டு கராஜில் லேத் வைத்திருக்கும் எங்கள் கடைசல் சங்கத்துக் கிழவர்கள்தான் அவனுக்கு வாடிக்கை. நான் வெகுநேரம் நின்றுவிட்டேன் போல.

"வாத்தியாரே, உலோகம் வாங்க வந்தீங்களா, அதுகிட்ட மன்னிப்புக் கேட்க வந்தீங்களா?"

ஒரு டைட்டானியம் தடி வாங்கினேன். கட்டைவிரல் பருமன், ஒரு சாண் நீளம், முனையில் ஊதா வண்ணம். எதற்கென்று தெரியாது. நன்றாக இருந்தது. என் அலமாரி முழுக்க இப்படி நன்றாக இருந்தவைதான்.

மார்ச் 6, வியாழன்

எதிர்வீட்டு வெர்னாவின் நடுவிரல் வீங்கியிருக்கிறது. ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறவள், ஊசி குத்தாமலிருக்க விரல்நுனியில் அங்குஸ்தான் மாட்டியாக வேண்டும். கடையில் கிடைப்பதிலெல்லாம் நிக்கல், அது அவளுக்கு ஆகாது. தோலில் செய்ததை ஊசி துளைத்துவிடுகிறதாம்.

"டைட்டானியம் ஒண்ணும் செய்யாது," என்றேன். "ஆபரேஷன் பண்ணி என் இடுப்புக்குள்ளயே வச்சிருக்காங்க."

ஒரு பெண்மணியிடம் இடுப்பைப் பற்றி ஏன் பேசினேன்?

"அப்ப அதுல கொஞ்சம் வெட்டிக் குடுங்களேன், மிஸ்டர் டெஷ்."

இன்னொன்றும் கேட்க நினைத்திருந்தேன் — வெள்ளிதோறும் ஊர் மண்டபத்தில் நடக்கும் மீன் வறுவல் விருந்துக்கு என்னோடு வருகிறீர்களா என்று. இலையுதிர்காலத்திலிருந்து நினைக்கிறேன். ஆயுள் முழுக்க லத்தீன் இலக்கணம் நடத்தியவனுக்கு ஒரே ஒரு வினாவாக்கியம் வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

தனியாக மீன். முட்டைக்கோஸ் சாலட் சுமார்.

மார்ச் 10, திங்கள்

விரல் அளவு தேவை. நூலைச் சுற்றி அளந்து தரச் சொன்னேன். "நீங்களே அளங்க," என்று கையை நீட்டிவிட்டாள். காலிப்பரை வைத்து மூன்று முறை அளந்தேன். மூன்றும் வேறு வேறு. நடு அளவை எழுதிக்கொண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

எங்கள் சங்கத்தில் முதல் நாளே சொல்லித்தருவது: வண்ணம் பூசிய முனையை வெட்டாதே. உலோகத்தின் பெயரே அந்த வண்ணம்தான். பழகிப் பார்க்க அதே பருமனில் வண்ணம் பூசாத ஒரு துருப்பிடிக்காத எஃகுத் தடியைப் பக்கத்தில் வைத்திருந்தேன். ரம்பத்தை டைட்டானியத்தில் வைத்தபோது வெர்னா உள்ளே வந்து, "இந்தச் சட்டை உங்களுக்கு நல்லா இருக்கு," என்றாள். அவள் போன பிறகு பார்த்தால் ஊதா முனை தரையில் கிடக்கிறது. கையில் பெயரில்லாத இரண்டு சாம்பல் தடிகள். அந்த எஃகில் நிக்கல் உண்டு.

இரண்டிலும் காந்தம் ஒட்டவில்லை. டைட்டானியம் லேசு, கையில் எடுத்தாலே தெரியும். தெரிந்தது. ஆனால் என் கையை நான் நம்புவேனா? தண்ணீரில் முக்கி எடை பார்த்தேன். லேசானதுதான். மறுபடியும் பார்த்தேன்.

மார்ச் 12, புதன்

டுவேனிடம் சொன்னேன்.

"வண்ண முனையையா? நீங்களா?" தராசிலிருந்து நிமிர்ந்தான். "யாரு வாத்தியாரே உள்ள வந்தது?"

வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 15, சனி

டைட்டானியச் சீவல் தீப்பிடிக்கும். லேத் பக்கத்தில் மணல் வாளி வைத்து, மெதுவாகக் கடைந்தேன். ஊசி வழுக்காமலிருக்க மேலே சிறு குழிகள். மாலையில் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு என் தபால்பெட்டியில் டொக் டொக்கென்று தட்டிப் பார்த்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

எடை பார்த்தது சரிதானா? வீங்கினால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? திரைச்சீலையை மூடியே வைத்திருக்கிறேன்.

மார்ச் 19, புதன்

கதவைத் தட்டினாள். அங்குஸ்தானால்தான் — சத்தம் தெரிந்தது. விரலை நீட்டினாள். வீக்கம் இல்லை, சிவப்புகூட இல்லை.

இப்போது கேட்காவிட்டால் எப்போது?

"வெள்ளிக்கிழமை மீன் இருக்கும்," என்றேன்.

"வாரா வாரம் இருக்கே."

"வறுத்தது. நீங்களும் என்னோட—"

வினைச்சொல் வரவே இல்லை.

"ஆறு மணிக்குத் தயாரா இருக்கேன், லீலண்ட்," என்றாள், முதல்முறையாக என் பெயரைச் சொல்லி.

மார்ச் 22, சனி

முட்டைக்கோஸ் சாலட் பிரமாதம்.

நேற்றுக் கிளம்பும் முன் மிச்சமிருந்த டைட்டானியத் தடிக்கு மறுபடி வண்ணம் பூசலாம் என்று பார்த்தேன். ஊதா டப்பா காய்ந்து கிடந்தது. முன்னதாகவே வந்துவிட்ட வெர்னா கைப்பையிலிருந்து நகப்பூச்சை எடுத்தாள், பவளச் சிவப்பு. சங்கத்து அட்டவணையில் அப்படியொரு நிறமே இல்லை. தடி நுனியில் அழகாகப் பூசினாள். நான் கோட்டை மாட்டித் திரும்புவதற்குள் பக்கத்திலிருந்த எஃகுக்கும் அதையே பூசிவிட்டாள்.

இப்போது இரண்டும் ஒரே நிறம். துடைக்கவில்லை. வேண்டும்போது எடை பார்த்துக்கொள்ளலாம்.